பின் டயரில் காற்றில்லை

பவுலின் சைக்கிளின் பின் டயர் வால்வைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். உஸ்ஸென்று காற்று முழுவதும் இறங்கிச் சைக்கிள் தரையோடு அமர்ந்தது. திருட்டு வேலை அவளுக்குப் பழக்கமில்லை.

உள்ளே அவளுடைய கணவர், தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மரியரட்ணம், நாற்பத்தாறு வயதில் அரைக்காற்சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹட்டனில் சைக்கிள் ஓட்டப் பந்தயம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். டிக்கோயா வரை போய்த் திரும்ப வேண்டும்.

எல்லாம் தோட்டத்து உதவி மேலாளராக இருந்த அந்த வெள்ளைக்காரச் சின்னத்துரையால் வந்த வினை. சுதந்திரம் கிடைத்த கையோடு சீமைக்குக் கப்பலேறிய மனிதர், தன் அப்பா காலத்துச் சைக்கிளைக் கிளாக்கரின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மரியரட்ணத்துக்கு வேறு நினைப்பே இல்லை. கொழும்பிலிருந்து புதுத் தோல் சீட் வரவழைத்துப் பூட்டினார். தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கம்பி கம்பியாகத் துடைத்தார். ஒரு வருஷமாகியும் அந்த சீட், வந்த அன்றைக்கு இருந்த மினுமினுப்பு மாறாமல் இருந்தது. அப்படியொரு பராமரிப்பு.

பயிற்சியும் குறைவில்லை. விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவார். ரோட்டில் கால் வைத்ததுமே ஏற்றம் என்பதால் தள்ளிக்கொண்டுதான் போவார். மலைநாட்டில் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. பனிமூட்டத்துக்குள் அவர் மறைந்ததும் பவுலின் சிலுவை போட்டுக்கொள்வாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு இறக்கம், வளைவுக்கு வளைவு பள்ளம்.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார். வாசலுக்கு வரும்போதும் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

"ஓடுன சைக்கிள சூட்டோட நிப்பாட்டக் கூடாது பவுலின். நுவரெலியா ரேஸ் முடிஞ்சதும் குதிரைய நடத்தித்தானே கூட்டிட்டுப் போறாங்க, அந்த மாதிரிதான்" என்பார். அவருடைய சப்பாத்துக்கு அந்த ஒரு வருஷத்தில் இரண்டு முறை அடித்தோல் மாற்றியாகிவிட்டது. அவ்வளவு உழைப்பு.

வாய் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. "வளைவுல பிரேக்க தொடவே கூடாது. ஒடம்ப ஒரு பக்கமா சாச்சாப் போதும், சைக்கிள் தன்னால திரும்பும்" என்று ஆபீஸ் வாசலில் நின்று பாடம் நடத்தினார். அதைக் கேட்டு வாய் பிளந்த, ஆட்களை வேலை வாங்கும் செல்லசாமி கங்காணி, நேரே ஹட்டனுக்குப் போய்த் தோட்டத்தின் சார்பில் ஐயாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பவுலின் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லி நின்னுக்கங்களேன். நமக்கு எதுக்குங்க இது?"

"பேரு குடுத்தாச்சு பவுலின். இப்ப மாட்டேன்னு சொன்னா லயத்துப் பக்கம் தல காட்ட முடியுமா?" என்றார் மரியரட்ணம். குரலே எழும்பவில்லை.

மனிதருக்கு எவ்வளவு ஆசை இருந்தால் இப்படிச் சொல்வார் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அந்த இறக்கத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஓட்டத்தை எப்படியாவது நிறுத்தச் சொல்லி அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கடைசிவரை அவர் ஒன்றும் செய்கிற மாதிரி தெரியாததால்தான் வால்வில் கை வைத்தாள்.

கீழே ரோட்டில் தோட்டத்து லொறி வந்து நின்றது. லயத்துத் தொழிலாளர் சனம் பாதி அதில் ஏறியிருந்தது. சைக்கிளைத் தூக்கிப் போக வந்த செல்லசாமி, குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, பின் டயர்ல காத்து இல்லீங்க. வால்வையே காணோம்."

மரியரட்ணம் வெளியே வந்தார். சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.  இந்தப் பாவத்தை எந்தப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுவது என்று பவுலினுக்குத் தெரியவில்லை.

"மனசத் தளர விடாதீங்க ஐயா. பாக்டரி டீமேக்கர் ஐயா வீட்டுல ஒரு சைக்கிள் நிக்குது. அதுல உள்ள வால்வ வாங்கிக்கிட்டு ஓடி வாரேன்" என்று செல்லசாமி குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் பவுலினால் பொறுக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து வால்வை நீட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"நான்தாங்க எடுத்தேன். அந்த எறக்கத்துல உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னங்க செய்வேன்? ஆனா நீங்க ஒரு வருஷமாப் பட்ட பாட்டக் கெடுக்கவும் மனசு வரல. இந்தாங்க, மாட்டிக்கிட்டுப் போங்க. மெதுவா மட்டும் ஓட்டுங்க."

மரியரட்ணம் முகத்திலிருந்து கைகளை எடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. லொறிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வால்வோடு சேர்த்து அவளுடைய விரல்களை மடக்கி மூடினார்.

"கங்காணி வாரதுக்குள்ள முன் டயர்ல உள்ளதையும் கழட்டிரு" என்றார் மெல்ல. "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."