அரையடி மேடு

தெருத் தண்ணீர் கேட் வரைக்கும் வந்து, மேட்டில் முட்டி, இரும்புச் சல்லடை வழியாகக் கால்வாய்க்குள் கொட்டியது. வீட்டுச் சரிவில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மேஸ்திரி சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி பள்ளத்தில் இருக்கிறது. கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை ஒரே சரிவு. மழை பிடித்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் கூப்பிடாத விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்துவிடும்.

இதை வாங்காதே என்று அண்ணன் அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டார். சாலை போடும் இடங்களில் மட்டம் பார்ப்பதுதான் அவர் தொழில். முக்காலியில் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவார். நானா கேட்பேன்? என் வீட்டுக்கு நீ எதற்கு மட்டம் பார்க்கிறாய் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன்.

இனி உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று போனவர்தான். ஒன்பது வருஷம்.

ஆனால் வானம் இருட்டினால் போதும், ஊரின் அந்தக் கோடியிலிருந்து வண்டியில் மணல் மூட்டைகளோடு வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூடப்பிறந்தவரைப் பார்க்க நான் மழையைத்தான் நம்பியிருந்தேன்.

போன மாதம் அண்ணி போனில் சொன்னார். மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம், குனியவே முடியவில்லையாம். மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கேட்டின் அகலத்துக்கு அரையடி மேடு, அதன் முன்னால் கால்வாய், மேலே சல்லடை. அண்ணன் இனிமேல் எதையும் தூக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது.

சிமெண்ட் காய்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தூக்கும் வேலை இல்லையென்றால் அவர் எதற்கு வருவார்?

மழை வலுத்தது. ஒரு மணி நேரமாக வாசலிலேயே நின்றேன். கொஞ்சம் உள்ளே வாயேன் என்று தண்ணீரைக் கெஞ்சாத குறைதான்.

தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் நடந்து வந்தார். தோளில் ஒரே ஒரு மூட்டை.

குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். அவர் மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். எனக்கு அவர் இடுப்புதான் ஞாபகம். இரண்டு கைகளாலும் மூட்டையைப் பற்றி, பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன்.

இழுத்த வேகத்தில் பின்னால் விழப் பார்த்தேன். மூட்டையில் கனமே இல்லை.

வாய்க்கட்டு அவிழ்ந்து, பழைய துணிகள் சரிந்தன. ஒரு பிடி மணல்கூட இல்லை.

"மட்டம் சரியாத்தான் இருக்கு. போன வாரமே வந்து பாத்துட்டேன்," என்றார் அண்ணன்.

பிறகு, ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உள்ள வரட்டுமா?"