அதெல்லாம் பழசு

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சரசுவின் மகள் ஜீவிதா பிரேசர் டவுனுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே மமதா என்பவள் இளைஞர்களுக்கு முதலுதவி சொல்லித் தந்தாள். வீட்டில் வாயைத் திறந்தால் மமதா அக்கா புராணம்தான். பெற்றவள் நான், பெருமை அவளுக்கா என்று சரசுவுக்கு வயிறு எரிந்தது.

போன வாரம் கையில் எண்ணெய் தெறித்ததும் சரசு பேஸ்ட்டைத் தேடினாள்.

"ஐயோ, அதெல்லாம் பழசும்மா. குழாய்த் தண்ணியில கையைக் காட்டு. மமதா அக்கா சொன்னாங்க."

"மூக்குல ரத்தம் வந்தா அண்ணாந்துக்கோன்னு நான் சொன்னேனே, அதுவும் தப்பா?"

"தப்புதான். குனிஞ்சு, மூக்கைப் பிடிச்சுக்கணும்."

"அப்போ அவளையே அம்மான்னு கூப்பிடு, போ!"

இந்த ஞாயிறு பொறுக்க மாட்டாமல் சரசுவும் பின்னாலேயே போனாள். வகுப்பு வாசலில் நின்று, "எம் பொண்ணை எங்கிட்டயிருந்து பிரிக்கிறியா?" என்று மமதாவைப் பார்த்துக் கத்தினாள். அதோடு கண் இருண்டது.

விழித்தபோது தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கு அடியில் ஜீவிதாவின் துப்பட்டா. ஒவ்வொரு முறையும் வலிப்பு தெளியும்போது கையில் திணித்திருக்கும் இரும்புச் சாவியைக் காணோம். வாயில் கரண்டியும் இல்லை.

"யாரும்மா என்னைப் பார்த்துக்கிட்டது?"

"உங்க பொண்ணுதாம்மா. எங்களைக் கிட்டவே விடல," என்றாள் மமதா. "முதல் நாள் வந்து அவ கேட்டதே இதைத்தான். எங்கம்மாவுக்கு வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்னு."