அப்பா நம்பர்

இரண்டாவது முறையும் தப்பு.

திரையில் சிவப்பு எழுத்து. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்றது.

பிரவுசிங் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மணி நாலு இருபது. ஐந்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் புனே சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எம்.எஸ்சி. புள்ளியியல். மொத்தமே முப்பது இடம்.

சம்மதம் சொல்ல ஓடிபி வேண்டும்.

ஓடிபி அப்பா போனுக்குப் போகும்.

எல்லாமே அப்பா போனுக்குத்தான் போகும். பத்தாம் வகுப்பில் ஏதோ ஒரு படிவத்தில் அவர் நம்பரை எழுதினாள். அதோடு சரி, அதுவே ஒட்டிக்கொண்டது. ஆதார், பேங்க், ஸ்காலர்ஷிப், எல்லாவற்றிலும் அதே பத்து எண். மாற்றித் தொலைப்போம் என்று போனால், மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

போன வியாழக்கிழமை அவளுக்கு இருபது வயதானது. அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். நீச்சல் கற்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்ட வேண்டும். ஓட்டலில் தனியாகப் போய் உட்கார்ந்து ரோஸ்ட் சாப்பிட வேண்டும். புனே போக வேண்டும்.

நீச்சல் குளத்தில் பெயர் கொடுக்கப் போனாள். ஓடிபி.

ஸ்கூட்டி லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். போடப் போனாள். ஓடிபி.

ரோஸ்ட் மட்டும்தான் இதுவரை ஓடிபி கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. எரிச்சலே அதுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டை போடலாம், அழலாம், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம். அவரோ "பாப்போம்" என்பார். புனே விஷயத்தில் நான்கு மாதமாகப் பாப்போம். பாப்போம் என்கிறவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது?

இன்றும் மறுக்கவில்லை. போன் போட்டதும் எடுத்தார். ஆறு எண்ணையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். தப்பு. மறுபடி கேட்டாள். மறுபடி படித்தார். அதுவும் தப்பு.

அவர் ரேஷன் கடை சேல்ஸ்மேன். நாளெல்லாம் கார்டு நம்பர் படிக்கிற மனிதர். பதினேழு வருஷத்தில் ஒரு எண் பிசகியதில்லை. ஓடிபி வரும் செய்தியிலேயே புனே என்று ஊர்ப்பெயர் இருக்கும். அதைத் தாண்டித்தான் அவர் எண்ணுக்கு வந்திருக்க வேண்டும்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே வாயால கேக்காதடி," என்றாள் சென்டர் வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா. "நான் இங்க இன்னொண்ணு அனுப்பச் சொல்லி அமுக்குறேன். நீ ஓடிப்போயி உன் கண்ணால பாத்துச் சொல்லு. பத்து நிமிஷம்தான் செல்லும்."

இரண்டு தெரு. ஓடினாள்.

கடையில் பாமாயில் வந்திருந்தது. வரிசை டிரான்ஸ்பார்மர் வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவராக மிஷினில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கவுண்டருக்குள் நுழைந்தாள். அப்பா கையால் சர்க்கரை அள்ளிப் போட்டு எடையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். தராசைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

கண் பிசகவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறார்.

கத்த வேண்டும் போலிருந்தது. இத்தனை பேர் முன்னால் அவர் மானத்தை வாங்க வேண்டும் போலிருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை அவளே எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

பூட்டியிருந்தது. அவர் கட்டைவிரல் வைத்தால்தான் திறக்கும்.

நீட்டினாள்.

வரிசை பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அம்புட்டுத் தூரத்துல," என்றார் மெதுவாக. "அங்க நமக்கு யாரும்மா இருக்கா?"

நான்கு மாதத்தில் பாப்போம் தவிர அவர் சொன்னது இது ஒன்றுதான்.

பயமா? இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா ரெண்டு ஓடிபியைப் பாழாக்கினார்? கோபம் குறையாமலே கண் நிறைந்தது. அது வேறு எரிச்சல்.

"யாரும் இல்ல," என்றாள். "அதனாலதான் போறேன்ப்பா."

அவர் விரலை வைத்தார்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. திறக்கவில்லை.

மறுபடி வைத்தார். திறக்கவில்லை.

"எடுக்க மாட்டேங்குதே," என்றார். முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

ஓடிபி செல்ல இன்னும் நாலு நிமிடம்தான் இருந்தது.

"கையத் தொடச்சுட்டு வைங்க சார்!" வரிசையில் முதல் ஆளாக நின்ற பேச்சியம்மா சத்தம் கொடுத்தாள். "சீனிக் கைய வச்சா எப்படி எடுக்கும்? எங்களுக்கு மட்டும் வாய் ஓயாமச் சொல்றீகள்ல!"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவர் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். சட்டையில் தேய்த்தார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலில் ஊற்றிக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் ஒற்றினார். நகக்கண் வரை, நிதானமாக.

நேரம் போகுதேப்பா என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது.

பிறகு அவரே விரலை நீட்டினார்.