மனசுல ஏழு, விரல்ல மூணு

காட்டுக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம் இருந்ததாம். அங்கே ஒன்றாம் வகுப்புக்குக் குரங்கு டீச்சர் கூட்டல் சொல்லிக் கொடுத்தார்.

"ஏழும் மூணும் எவ்வளவு? மனசுல ஏழை வச்சுக்கோங்க, விரல்ல மூணை நீட்டுங்க, எண்ணுங்க!"

பாம்புக்குட்டி பூங்கொடி ஏழை மனசுக்குள் பத்திரமாக வைத்துவிட்டாள். மூணை நீட்ட விரலுக்கு எங்கே போவாள்? கணக்கு வராத பிள்ளைகளைத் திரும்பவும் பால்வாடிக்கே அனுப்பிவிடுவார்களாம்.

"டீச்சர், இவளுக்கு விரலே இல்ல! கணக்கு எங்கேருந்து வரும்?" என்று பக்கத்திலிருந்த அணில்பிள்ளை கத்தினான். வகுப்பே சிரித்தது.

பூங்கொடி வெட்கத்தில் தலையைக் குனிந்து சுருண்டுகொள்ளப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றியதுமே மனசுக்குள் பளிச்சென்றது. ஏழுக்கு அப்புறம் இது எட்டு! இன்னொரு சுற்று, ஒன்பது. இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நடுவிலிருந்து தலையை நீட்டினாள்.

"பத்து, டீச்சர்!"

டீச்சர் குனிந்து அவள் சுற்றுகளை எண்ணிப் பார்த்தார். "அட என் ராசாத்தி! இது எனக்குத் தோணலையே! சரி, அடுத்த கணக்கை எல்லாரும் இவளை மாதிரியே போடுங்க. மனசுல எட்டு, வாலுல ரெண்டு!"

வகுப்பு முழுக்க வாலைச் சுருட்டியது. டீச்சரும் சுருட்டினார். அணில்பிள்ளையின் பஞ்சு வால் மட்டும் சுருட்டச் சுருட்ட விரிந்துகொண்டது.

"ஏ பூங்கொடி, இந்த ஒரு கணக்குக்கு உன் வாலைக் கொஞ்சம் குடேன்" என்று கெஞ்சினான்.

பூங்கொடி நகர்ந்து வந்து வாலை அவன் மடியில் போட்டாள்.

"மெதுவா எண்ணுடா, கூசுது!"