அக்டோபரில் ஒரு ஃபுல் சோக்

தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை தொடங்க ஒரு நாள் பாக்கி. ஆர்லினின் துப்பாக்கிக் கடையில் அன்று அவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. முப்பது வருடமாக ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லி வருகிறார்: எந்தத் தோட்டாவுக்கு எந்தச் சோக்?

துப்பாக்கிக் குழலின் வாயில் திருகி மாட்டுகிற சின்னக் குழாய்தான் சோக். வாய் அகலமாக இருந்தால் தோட்டாவிலிருந்து வரும் சின்னக் குண்டுகள், அதாவது ரவை, குடைபோல் விரியும். குறுகலாக இருந்தால் கொத்தாகப் போகும். அக்டோபரில் பறவை காலடியிலிருந்து எழும். அதற்கு அகல வாயும் பொடி ரவையும் போதும். இருப்பதிலேயே குறுகலான ஃபுல் சோக்கை, பறவை தூரத்திலேயே எழுந்துவிடுகிற பனிக்காலம் வரும் முன் எவனும் தொடமாட்டான்.

லைல் அதைத்தான் கேட்டான்.

ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடை அவன் பொறுப்பு. கிடங்கில் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள். யார் என்பதை மேனேஜர் ரோல்ஃப்சன் திங்கட்கிழமை சொல்வார். லைலுக்கு மூன்று பிள்ளைகள். ரோல்ஃப்சனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

"ஃபுல் சோக்கா? நாளைக்குப் பறவை உன் பூட்ஸ்ல இருந்து எந்திரிக்கும்டா. பதினைஞ்சு கஜத்துல ரவை மொத்தமும் ஒரு சின்னத் தட்டு அகலம்தான் இருக்கும்," என்றார் ஆர்லின்.

"அவ்வளவு அகலமா? இன்னும் குறைக்க முடியாதா?"

தோட்டாவிலும் அவன் வழக்கமானதைத் தொடவில்லை. பெரிய ரவையாக, எண்ணிக்கை குறைவாக வேண்டும் என்றான். பெரிய வாத்தைச் சுடுகிற தோட்டா அது. நாளை கிடங்கு ஆட்கள் பக்கம் பக்கமாக வரிசை கட்டிச் சோளக்கொல்லைக்குள் நடக்கப் போகிறார்களாம். ரோல்ஃப்சனுக்கு அடுத்த இடம் அவனுக்காம். சொல்லிவிட்டு ஒருமுறை கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாரும் பார்த்துட்டு இருப்பாங்க. நான் பறவையத்தான் குறி வெச்சேன்னு அத்தன பேரும் சத்தியம் பண்ணணும். ஆனா ரவை நான் நெனச்ச எடத்துக்குப் போகணும்."

"கை தவறிடுச்சுன்னா?"

"திங்கக்கிழமையோட என் கதை முடிஞ்சுது."

ஆர்லின் தோட்டாப் பெட்டியைக் கவுண்டரில் வைக்காமல் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது மைல் தள்ளி இன்னொரு கடை இருக்கிறது. எடுத்துக் கொடுத்தார். லைலின் வண்டி தெரு திரும்பியதும் ஷெரிஃபுக்குப் போன் போட்டார். அக்டோபரில் ஃபுல் சோக் மாட்டுவது முட்டாள்தனம்தான், ஆனால் குற்றம் கிடையாது என்று சொல்லிவிட்டு ஷெரிஃப் வைத்துவிட்டார்.

அடுத்து ரோல்ஃப்சனைக் கூப்பிட்டார். அவர் நேரிலேயே வந்துவிட்டார். இருபது வருட வாடிக்கையாளனைக் கொலைகாரன் என்று சொல்ல ஆர்லினுக்கு நாக்கு எழவில்லை. லைல் ஃபுல் சோக்கும் பெரிய ரவையும் வாங்கிப் போயிருக்கிறான், நாளைக்கு அவன் பக்கத்தில் நிற்காமலிருப்பது நல்லது என்று மட்டும் சொன்னார்.

ரோல்ஃப்சன் தோட்டா அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயம் வரும் என்று ஆர்லின் எதிர்பார்த்தார். சிரிப்புதான் வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பய எனக்கு முன்னாடியே யோசிச்சிருக்கான். யோவ், எனக்கும் அதே செட்டு ஒண்ணு எடு. நாளைக்கு மினியாபொலிஸ்ல இருந்து முதலாளி வர்றார். எனக்கு வலது பக்கம் அவர்தான்."

ஆர்லின் அதையும் கட்டிக் கொடுத்தார். ஒரே வரிசையில் இரண்டு கொலை. இரண்டும் அவர் கடைச் சரக்கு.

மறுநாள் பகலில் கடையைப் பூட்டிவிட்டு, சோளக்கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். லைல், ரோல்ஃப்சன், கசங்காத புது ஆரஞ்சு சட்டையில் முதலாளி. மற்ற ஆட்களோடு வரிசையில் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள். நாய் முன்னால் ஓடியது. ஃபெசன்ட் சேவல்கள் கத்திக்கொண்டு எழுந்தன. துப்பாக்கிகள் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஆர்லின் கண்ணை மூடித் திறந்து அந்த மூவரின் ஆரஞ்சு தொப்பிகளை எண்ணினார். மூன்று. மறுபடி வெடி. மறுபடி மூன்று. இப்படியே இரண்டு மணி நேரம்.

கொல்லையின் கடைசி மூலை. சோளத்தட்டை உயரமாக நின்ற இடம். தொப்பிகள் மறைந்தன. ஒரே ஒரு வெடி. ஏதோ தொப்பென்று விழுந்தது.

ஆர்லின் ஓடினார். அறுபத்தெட்டு வயது, முட்டி வலி, எதையும் பார்க்கவில்லை. லைல் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேணும்னு பண்ணல ஆர்லின். என் பிள்ளைங்க மேல சத்தியமா வேணும்னு பண்ணல. கடைசி நேரத்துல குறுக்க வந்துட்டா நான் என்ன செய்யறது?"

ஆர்லின் தட்டைகளை விலக்கினார். ரோல்ஃப்சன் முழுசாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் முதலாளியும் முழுசாக நின்றுகொண்டிருந்தார். இருவரும் லைலைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.

முதலாளி சுட்ட பறவை பூஜ்யம்; முதலாளியை முந்திவிடக் கூடாதென்று, குறி தவற வசதியாக ஃபுல் சோக் வாங்கிய ரோல்ஃப்சன் பூஜ்யம்; ரோல்ஃப்சனை முந்திவிடக் கூடாதென்று ஃபுல் சோக் வாங்கிய லைல், ஒன்று.