கேட்காமல் அமுக்கியவர்

“சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அமுக்கணும். கேட்காம அமுக்கக் கூடாது. சரியா?”

மைக்கில் அவள் சொன்னதற்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

“ரொம்பச் சின்னச் சத்தமா இருந்தாலும் அமுக்கலாமாம்மா?”

“அமுக்கலாம்.”

“தப்பா அமுக்கிட்டா?”

“வேலைக்குத் தகுதியில்லைன்னு எழுதிடுவோம்.”

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னாள். காதில் சீழ் வைத்து, இரண்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர். காது நன்றாகக் கேட்கிறது என்று இன்று சர்ட்டிபிகேட் கிடைத்தால்தான் நாளைக்கு அவருக்கு வண்டி.

அவருக்கு மட்டுமா பரீட்சை? காது பரிசோதனைப் பிரிவில் அவள் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று பெரிய டாக்டர் இன்றுதான் முடிவு செய்கிறார். எந்த நேரத்திலும் வந்து எட்டிப் பார்ப்பேன் என்று வேறு சொல்லியிருந்தார்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவருடைய வலது காதை இடது காது என்று எழுதிவிட்டாள். டாக்டர் திட்டக்கூட இல்லை, திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. படுத்தால், இன்றைக்கு எதை மாற்றி எழுதித் தொலைத்தோமோ என்று புரண்டுகொண்டே இருப்பாள். “நீ வேலைக்குப் போயிட்டு வர்றியா, இல்ல கொலை பண்ணிட்டு வர்றியாடி?” என்று அக்காவே கேட்டுவிட்டாள்.

பரிசோதனை தொடங்கியது.

வெளிச் சத்தம் புகாத அறை. தன் மூச்சே பக்கத்தில் யாரோ விடுவது போலக் கேட்கும். ஒரு சத்தம் அனுப்பினாள். அவர் அமுக்கினார். அவள் மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது. அதைவிடச் சின்னச் சத்தம். விளக்கு எரிந்தது. இன்னும் சின்னது. மறுபடி விளக்கு. சத்தம் தேய்ந்து தேய்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அறை மெல்ல நகர்வது போல இருந்தது. டிரைவர் ஓட்டுகிறார், அவள் ஜன்னலோரத்தில். மரங்கள் ஓசையில்லாமல் பின்னால் போயின. வலது காது, இடது காது, எதுவும் மனதில் இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பயமே இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தூரத்தில் பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. சட்டென்று நிமிர்ந்தாள். பெரிய டாக்டர்.

“அப்பவே வந்தேம்மா. கதவுக் கண்ணாடி வழியா ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன். விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுது, நீ குனிஞ்ச தலை நிமிரல. அப்படி ஒரு கவனம்! கெடுக்க வேண்டாம்னு போயிட்டு இப்பத்தான் வர்றேன்.”

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டாக்டர், மெஷின் தள்ளிய தாளை எடுத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“அட! நடுவுல மூணு நிமிஷம் சத்தமே அனுப்பாம விட்டிருக்கே. அந்த மூணு நிமிஷத்துல மட்டும் அந்த ஆளு பதினொரு தடவை அமுக்கியிருக்காரு. பொறி வச்சுப் பிடிச்சிருக்கியே! இந்த வித்தையெல்லாம் எனக்கே பத்து வருஷம் கழிச்சுத்தான் வந்தது.”

பொறியா? எந்தப் பொறியும் வைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ‘இல்லை சார்’ என்று வாய்வரை வந்தது. ஆனால் ஒரு நல்ல வார்த்தைக்காக மூன்று மாதம் ஏங்கிக் கிடந்தவள் அவள். வீடு தேடி வந்த பாராட்டை வாசலோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. தன்னையே எத்தனை நாள்தான் சந்தேகப்படுவது?

“எனக்கு ஆரம்பத்துலேயே சந்தேகம் சார். தப்பா அமுக்கினா என்ன ஆகும்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கிட்டாரு.”

“பார்த்தியா! தகுதியில்லைன்னு எழுதிடு. உன் ஆர்டர்ல இப்பவே போய்க் கையெழுத்துப் போடறேன்.”

டாக்டர் போய்விட்டார். அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பேனாவை எடுத்தாள். எழுதுவதற்கு முன்னால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்து போய் அவர் இருந்த அறையைத் திறந்தாள்.

“இந்த வயசுல இப்படி ஏமாத்தலாமா? கேட்காம அமுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

டிரைவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. நடுவுல நீங்க கண் அசந்துட்டீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி டாக்டர் வந்து நிக்கறாரு. நான் அமுக்கினா உங்க மேஜையில விளக்கு எரியறது இங்கேருந்தே தெரிஞ்சுது. எரியலைன்னா உள்ளே வந்துடுவாரேன்னு, அவர் நகர்ற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். முப்பது வருஷமா வண்டி ஓட்டறவன்மா. அந்தத் தூக்கம் எப்படி வரும்னு எனக்குத் தெரியும்.”

அவள் கையிலிருந்த பேனாவை மூடினாள்.

“இதை... டாக்டர் இருந்தப்பவே...”

“சொன்னா உங்க வேலை போயிடுமேம்மா. எனக்கு இன்னொரு தடவை டெஸ்ட் மட்டும் வச்சிடுங்க, போதும். என் காதுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க மைக்கை அணைக்கவே இல்லை. உங்க குறட்டையிலேருந்து, டாக்டர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னது வரைக்கும், எல்லாமே ரெண்டு காதுலயும் தெளிவாக் கேட்டுச்சு.”