ஐந்தாவது வரிசையில் ஈஸ்ட்

மளிகைக் கடையின் ஐந்தாவது அலமாரி வரிசையில் ஏழு தள்ளுவண்டிகள் அசையாமல் நின்றன. என்னுடையது எட்டாவது.

அப்போது காலை ஏழரை மணி. ஏழிலிருந்து எட்டு வரை கடை அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். எட்டு அடித்தால் ஊருக்கே கதவைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் யார் இருமினாலும் பக்கத்தில் நின்றுதான் பால் எடுக்க வேண்டும். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

அன்றைக்கு எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

ஆறடிக்கு ஒரு வண்டி. தரையில் ஒட்டியிருக்கும் பச்சை அம்புக்குறி காட்டும் பக்கம்தான் போகலாம். முன்னால் நிற்பவரை உரசாமல் தாண்ட இடமில்லை. வாயைத் திறந்து கேட்கலாம்தான். ஆனால் மினசோட்டா மாநிலத்தில், அதுவும் எங்கள் ஊரில், ஒருவரை நகரச் சொல்வது அவர் வீட்டு வாசலில் குப்பை கொட்டுவதற்குச் சமம்.

எனக்கு முன்னால் நார்பர்ட். ஓய்வுபெற்ற தபால்காரர். பழைய திரைச்சீலையில் தைத்த முகக்கவசம் போட்டிருந்தார். சரியாக மூக்கின் மேல் ஒரு சூரியகாந்தி.

"என்ன நார்பர்ட், எதுக்கு நிக்கறோம்?"

"ஈஸ்ட் வந்திருக்காம், டார்லீன். ஆர்டிஸ் சொன்னாங்களாம்."

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட். அதைக் கண்ணால் பார்த்து ஆறு வாரம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் அடைபட்ட ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ரொட்டி சுடக் கிளம்பியதில் கடையில் ஒரு பொட்டலம் மிஞ்சவில்லை. ஈஸ்ட் இல்லாமல் நான் சுட்டதை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஆர்டிஸ் சொன்னால் மறுபேச்சே கிடையாது. தேவாலய விருந்தில் என் கேக்கை எல்லோரும் ஆகா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, "உப்பு ஜாஸ்தி" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவள். முப்பது வருடப் பழக்கத்தில் அவள் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வரிசையில் இரண்டாவதாக அவள் வண்டி நின்றது. அவளுடைய சிவப்புத் தொப்பி இங்கிருந்தே தெரிந்தது.

பத்து நிமிடம் போனது. ஒரு வண்டியும் நகரவில்லை.

ஈஸ்ட் வந்திருந்தால் முதல் ஆள் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒருவேளை மொத்தத்தையும் அவரே வாரிக்கொண்டிருக்கிறாரோ?

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்தக் கிருமி வருவதற்கு அறுபது வருடம் முன்பே அது என்னைப் பிடித்துவிட்டது.

வண்டியை இடம் பிடிக்க விட்டுவிட்டு, ஏழாவது வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டு ஐந்தாவதின் மறுமுனைக்குப் போனேன். அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் காலை எடுத்து வைத்தேன். இவ்வளவு துணிச்சலான காரியம் செய்து எனக்கு வெகு நாளாகிவிட்டது.

ஈஸ்ட் இருக்க வேண்டிய தட்டு துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

முதல் வண்டிக்காரர் சூப் டப்பாக்களுக்கு முன்னால் நின்றிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். வண்டியில் குழந்தையை உட்காரவைக்கும் இடத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒரு டப்பாவை அதற்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"இதுவா, வேரா? இல்லையா? சரி, அப்ப இந்தக் காளான் சூப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும். பெண்டாட்டி அம்மணி வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு சாமான் வாங்குகிறாள், நாங்கள் ஏழு பேர் இங்கே கால் கடுக்க நிற்கிறோம். அந்த மகராசியின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று இன்னும் ஓரடி வைத்தேன்.

திரையில் நீலக் கையுறை போட்ட ஒரு கை வந்து தலையணையைச் சரிசெய்தது. மூக்கையும் வாயையும் மூடிய மூச்சுக் கவசத்துக்குள், அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினாள். அந்தக் காளான் சூப்தான்.

"எட்டு மணிக்கு டாக்டர் வந்துடுவாருங்கய்யா," என்றது கைபேசியிலிருந்து ஒரு பெண் குரல். "மூச்சுக்கு மெஷின் மாட்டறதுக்கு முன்னாடி தூங்க வெச்சுடுவோம். அதுவரைக்கும் பேசிட்டிருங்க."

"சரிம்மா," என்றார் அவர். டப்பாவை வண்டியில் வைத்தார். "வேரா, இதுல ரெண்டு எடுத்துக்கறேன். ஒண்ணு நீ வந்தப்புறம். அடுத்து எப்பவும் என்ன எடுப்ப? மாவுதானே?"

என் சிரிப்பை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்தேன். அவருக்கு ஆறடி பின்னால் ஆர்டிஸ் நின்றிருந்தாள். வண்டியைக் குறுக்காகத் திருப்பி, யாரும் தாண்ட முடியாதபடி நிறுத்தியிருந்தாள். அங்கே நின்றால் எல்லாமே காதில் விழும். அவளுடைய முகக்கவசத்தின் மேல்விளிம்பு நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும், கவசத்தின் மேல் உதடு இருக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்தாள்.

வந்த வழியே திரும்பினேன். கடிகாரத்தில் எட்டுக்குக் கால் மணி இருந்தது. எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் சேர்ந்திருந்தன.

"என்ன டார்லீன், ஈஸ்ட்தானா?" என்று கேட்டார் நார்பர்ட்.

"ஈஸ்ட்தான்," என்றேன். "பெட்டியே இன்னும் பிரிக்கல. எட்டு மணி ஆயிடுமாம்."